நாற்று இங்கே, அறுவடை அங்கே

ஆட்டம் நடக்கும் நாட்களில் ரோபர்ட்டோ கிளமென்ட்டே பாலத்தில் கார்களுக்கு இடமில்லை. அலகேனி நதியின் மீது நிற்கும் அந்த மஞ்சள் பாலம் அன்று நடப்பவர்களுக்கு மட்டும். பிட்ஸ்பர்க் நகர மையத்து அலுவலகக் கட்டடங்களிலிருந்து, வடகரையில் இருக்கும் பிஎன்சி பார்க் மைதானத்தை நோக்கி, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் நிதானமாக நகர்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முதுகிலும் ஒரு பெயர், ஓர் எண். கோல். பே. பெல். மார்ட்டே. பெட்னார். எல்லோரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்காக ஆடியவர்கள். எல்லோரும் ஒரு கட்டத்தில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள்.

அனுபவப்பட்டவர்கள் 21 என்ற எண் பொறித்த சட்டையைத்தான் வாங்குகிறார்கள். அது கிளமென்ட்டேயின் எண். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா பூகம்பத்தில் சிக்கியவர்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அவரை இனி யாரும் எந்த அணிக்கும் விற்க முடியாது.

தமிழர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று, 1970-களில் எழுந்தது. பிட்ஸ்பர்க்வாசிகளைக் கேட்டால் வேறு மூன்று கோயில்களைச் சொல்வார்கள்: அமெரிக்க ஃபுட்பால் ஆடும் ஸ்டீலர்ஸ், ஐஸ் ஹாக்கி ஆடும் பெங்குவின்ஸ், பேஸ்பால் ஆடும் பைரேட்ஸ். மூன்றுக்கும் ஒரே நிறம், கறுப்பும் மஞ்சளும். முதல் இரண்டும் ஊருக்குக் கோப்பைகளைக் குவித்துத் தந்தன. மூன்றாவது, 1979-க்குப் பிறகு ஒன்றுகூடத் தரவில்லை.

தோல்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த நகரம் இது. 1980-களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது இளைஞர்கள் வேலை தேடி நாடெங்கும் சிதறினார்கள். மோனங்காஹேலா நதிக்கரை ஊர்களில் பெற்றோர் மட்டும் மிஞ்சினார்கள். வளர்த்து ஆளாக்கிப் பிறர் ஊருக்கு அனுப்புவது எப்படி இருக்கும் என்று இங்குள்ள குடும்பங்களுக்குத் தெரியும். அதையே பேஸ்பால் மைதானத்திலும் ஆண்டுதோறும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியிருப்பதுதான் ரசிகர்களின் எரிச்சல்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய இந்திய ரசிகருக்கு இதில் என்ன பெரிய துக்கம் என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. பைரேட்ஸ் அணி 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து வந்த குடும்பங்கள் உண்டு. ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அநேகமாகத் தினம் ஓர் ஆட்டம். ஒரு வீரரின் முகம் வீட்டு மனிதரின் முகம் மாதிரி ஆகிவிடும். அந்த முகம் ஒரு நாள் மத்தியானம் காணாமல் போகிறது. ட்ரேடு என்று அவர்கள் சொல்வது அசல் பண்டமாற்று. வீரரின் ஒப்பந்தம் அப்படியே இன்னோர் அணிக்குக் கை மாறும். பதிலுக்கு அங்கிருந்து இரண்டு மூன்று பேர் வருவார்கள். மேல்மட்டத்தில் 10 ஆண்டு சேவையும், அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியிலும் முடித்தவருக்குத்தான் மறுக்கும் உரிமை தானாகக் கிடைக்கும். ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கிய சிலர் தவிர, மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பதிலுக்கு வருபவர்கள் யார்? பெரும்பாலும் யாரும் கேள்விப்படாத 19, 20 வயது வாலிபர்கள். 'ப்ராஸ்பெக்ட்' என்று அவர்களுக்குப் பெயர்: நாளைய நட்சத்திரம். பெரிய அணிகளின் கீழ் இயங்கும் சிறு அணிகளைப் பண்ணை என்றுதான் அமெரிக்கர்கள் அழைக்கிறார்கள். நாற்றங்கால் என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். அல்டூனா, இண்டியானாபொலிஸ் போன்ற ஊர்களின் நாற்றங்கால்களில் யார் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் தர வரிசைப் பட்டியல் போடுகின்றன. பிட்ஸ்பர்க் ரசிகர் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார். வேறு எதையும் அவருக்குக் கொடுக்கவில்லையே.

இந்தக் கதைக்கு வயது அதிகம். 1946 முதல் 1952 வரை தொடர்ந்து 7 ஆண்டுகள் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்த (சில ஆண்டுகள் மற்றவருடன் சமமாக) ரால்ஃப் கைனர் பைரேட்ஸ் வீரர்தான். 1952-ல் அணி 112 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தில் நின்றது. கைனர் சம்பளம் பற்றிப் பேசப் போனபோது நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, நீ இருந்தே கடைசி இடம், நீ இல்லாமலும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றாராம். கைனரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை இது. 1953 ஜூனில் அவர் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். ரிக்கி சொன்னபடியே அந்த ஆண்டும் அணி கடைசி இடத்தைப் பிடித்தது.

ஆனால் நடுவயது ரசிகர்களுக்குக் கணக்கு தொடங்கும் நாள் 1992 அக்டோபர் 14. அட்லான்டாவில் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஜெயித்தால் உலகத் தொடர். ரன் 2-1 ஆனது. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸ்களிலும் அட்லான்டா ஆட்கள். பிரான்சிஸ்கோ கப்ரேரா என்ற அதிகம் அறியப்படாத மாற்று ஆட்டக்காரர் பந்தை இடது பக்கம் தட்டினார். ஒருவர் ஓடி வந்துவிட்டார், ஆட்டம் சமம். இரண்டாவது பேஸிலிருந்து சிட் பிரீம் ஓடி வந்தார். இவர் முழங்கால் அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட, ஓடவே சிரமப்படும் ஆள். இடது பக்கத்திலிருந்து பந்தை எறிந்தவர் பாரி பாண்ட்ஸ், அணியின் மிகப் பெரிய நட்சத்திரம். பந்து கொஞ்சம் விலகி வந்தது. பிரீம் சறுக்கி விழுந்து பேஸைத் தொட்டார். ஆட்டம் முடிந்தது.

இந்தச் சிட் பிரீம் 1990 வரை பைரேட்ஸில் ஆடியவர் என்பதுதான் வெந்த புண்ணில் பாய்ந்த வேல். பாண்ட்ஸும் அதன் பிறகு பிட்ஸ்பர்க் சட்டை போடவில்லை. சில வாரங்களில் சான் பிரான்சிஸ்கோ அணி 6 ஆண்டுகளுக்குச் சுமார் 4.4 கோடி டாலர் தந்து அவரைக் கொண்டுபோனது. முக்கியப் பந்தெறியாளர் டக் டிராபெக் ஹூஸ்டனுக்குப் போனார். பாபி போனியா முந்தைய ஆண்டே நியூயார்க் போய்விட்டார்.

பிறகு 20 ஆண்டுகள், 1993 முதல் 2012 வரை, பைரேட்ஸ் ஓர் ஆண்டுகூடத் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் எந்த அணியும் இப்படி ஒரு சாதனை படைத்ததில்லை. 1992-ல் பிறந்த குழந்தை கல்லூரி மாணவனாகும்வரை!

அந்த 20 ஆண்டுகளில் ரசிகர்களுக்கு இரண்டு வகை வேதனை. ஒன்று, நன்றாக ஆடுபவர் போய்விடுவார். 2003 ஜூலையில் 25 வயது அராமிஸ் ராமிரெஸை சிகாகோவுக்குக் கொடுத்தார்கள். காரணம் சம்பளச் சுமை. பதிலுக்கு வந்த யாரும் நினைவில் நிற்கவில்லை. ராமிரெஸ் 386 ஹோம் ரன்களுடன் ஆட்ட வாழ்க்கையை முடித்தார். முடித்த இடம் பிட்ஸ்பர்க். 2015-ல் 37 வயதில் திரும்பி வந்தார். விளைச்சலெல்லாம் வேறு களத்துக்குப் போய், வைக்கோல் மட்டும் வீடு வந்தது போல.

இன்னொன்று, போனவர்களுக்குப் பதில் வருவார் என்று காட்டப்பட்டவர் வரவே மாட்டார். 2002-ல் நாட்டிலேயே முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பைரேட்ஸுக்குக் கிடைத்தது. பிரையன் புல்லிங்டன் என்ற பந்தெறியாளரை எடுத்தார்கள். அதே வரிசையில் 6-ஆவதாகப் போனவர் ஸாக் கிரெய்ன்கி, 17-ஆவதாகப் போனவர் கோல் ஹாமல்ஸ்; இருவரும் பெரும் பந்தெறியாளர்கள் ஆனார்கள். தோள் அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட புல்லிங்டன் பிட்ஸ்பர்க்குக்காக ஓர் ஆட்டம்கூட ஜெயித்துத் தரவில்லை. முதல் வெற்றி 2010-ல், கன்சாஸ் சிட்டி சட்டையில்தான் வந்தது. பிறகு ஜப்பானுக்குப் போய் ஹிரோஷிமாவில் கௌரவமாக ஆடினார். அவரைத் திட்டுவதில் நியாயமில்லை. 21 வயதுப் பையன் தன்னைத் தானே முதலிடத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

2007-ல் ரசிகர்கள் எதிர்பார்த்தது மேட் வீட்டர்ஸை. நிர்வாகம் எடுத்தது டேனியல் மாஸ்கோஸை. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு சிறு கூட்டம், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் இருக்கைகளை விட்டு எழுந்து வெளியேறி எதிர்ப்புக் காட்டியது. மாஸ்கோஸ் மேல்மட்டத்தில் ஆடியது 2011-ல் 31 ஆட்டங்கள் மட்டும். இதில் ஒரு வேடிக்கை: பால்டிமோர் எடுத்த வீட்டர்ஸும், நல்ல ஆட்டக்காரர் என்றாலும், பத்திரிகைகள் ஊதிய அளவுக்கு உயரவில்லை. பிட்ஸ்பர்க்காரர்கள் இழந்ததாக அழுததும் பாதி கற்பனைதான்.

இந்தியாவுக்கும் இந்த நாற்றங்காலில் ஒரு சிறு பங்கு உண்டு. 2008-ல் நடந்த தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாகப் பந்தெறிந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்களை ஒப்பந்தம் செய்தது இதே பைரேட்ஸ்தான். (கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு.) அவர்கள் கதை 2014-ல் டிஸ்னி படமாக வந்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். படம் ஒப்பந்தத்தோடு சுபமாக முடிகிறது. வாழ்க்கை அதற்குப் பிறகும் நடந்தது. படேல் 2010-ல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் சில ஆண்டுகள் கீழ்மட்ட லீக்குகளில் எறிந்து, காயங்களால் முடங்கி, பிறகு மல்யுத்தக் காட்சி மேடைக்குப் போனார். இருவரும் பிஎன்சி பார்க்கில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. நாற்றங்காலில் நிற்கும் பெரும்பாலோரின் கதையும் இதுதான். படம் எடுக்கப்படாததால் வெளியே தெரிவதில்லை.

2013-ல் ஒரு மழை பெய்தது. ஆண்ட்ரூ மக்கச்சன், பைரேட்ஸே தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளை, அந்த ஆண்டின் சிறந்த வீரரானார். அணி 21 ஆண்டுகளில் முதன்முறையாக நாக்-அவுட் கட்டத்தை அடைந்தது. அக்டோபர் 1 அன்று சின்சினாட்டியுடன் ஒரே ஆட்டம். ஊரே கறுப்புச் சட்டையில் வந்தது. எதிரணிப் பந்தெறியாளர் ஜானி குவேட்டோவின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துக் கத்தியது. அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தையே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்தார். அந்தப் பந்தை நழுவ வைத்தது தாங்கள்தான் என்று பிட்ஸ்பர்க்கில் பலர் இன்றும் நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும்.

மழை மூன்றாண்டில் நின்றது. 2018 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் பந்தெறியாளர் கெரிட் கோல் ஹூஸ்டனுக்கும், மக்கச்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பண்டமாற்றாகப் போனார்கள். அணியின் முதன்மை உரிமையாளர் பாப் நட்டிங் அணியை விற்றுவிட வேண்டும் என்று கேட்ட மனுவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அணிகளிடையே பகிர்ந்தளிக்கப்படும் வருமானத்தை விதிப்படி செலவிடவில்லை என்று பைரேட்ஸ் உட்பட 4 அணிகள் மீது வீரர்கள் சங்கமே முறையீடு செய்தது.

இங்கே ரசிகர்களின் பக்கமும் ஒரு பிசகு உண்டு. அதே 2018 ஜூலையில் அணி தொடர்ந்து 11 ஆட்டங்கள் ஜெயித்தது. எப்போதும் விற்கிறீர்களே, ஒரு தடவையாவது வாங்குங்கள் என்று ஊர் கேட்டது. நிர்வாகம் வாங்கியது. ஜூலை 31 அன்று டாம்பா பேயிலிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பந்தெறியாளர் வந்தார். பலருக்கு மகிழ்ச்சி, கடைசியில் நிர்வாகத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது! விலையாகப் போனவர்கள் டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பிறகு ஷேன் பாஸ். மூவரும் நாற்றங்காலில் நின்ற நம்பிக்கைகள். ஆர்ச்சர் 2019-ல் 3 ஆட்டங்கள் ஜெயித்து 9 தோற்றார். 2020-ல் அறுவை சிகிச்சையால் ஆடவே இல்லை. மெடோஸ் 2019-லேயே நட்சத்திர அணியில் இடம்பெற்றார். கிளாஸ்னோ 2020 உலகத் தொடரில் பந்தெறிந்தார். விதைநெல்லை விற்று வாங்கிய மாடு சந்தையிலிருந்து வீடு வருவதற்குள் படுத்துவிட்டது. வீணானவர்கள் என்று பிட்ஸ்பர்க் கைகழுவிய வாலிபர்கள் வேறு மண்ணில் வேர் பிடித்தார்கள் என்றால், குற்றம் நாற்றிலா, நாற்றங்காலிலா?

கெரிட் கோல் போன வழியைப் பின்தொடர்ந்தால் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் தெரியும். கோலுக்குப் பதில் வந்தவர்களில் முக்கியமானவர் ஜோ மஸ்க்ரோவ். அவர் தேறியதும் 2021 ஜனவரியில் சான் டியேகோவுக்குப் போனார். போன 3 மாதத்தில் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் 'நோ-ஹிட்டர்' எறிந்தார். அவருக்குப் பதில் வந்தவர்களில் ஒருவர் டேவிட் பெட்னார். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மார்ஸ் என்ற சிற்றூர்க்காரர், சிறுவனாக இதே பைரேட்ஸைப் பார்த்து வளர்ந்தவர். மண்ணின் மைந்தன், இவரையாவது விடமாட்டார்கள் என்று ஊர் நினைத்தது. 2025 ஜூலை 31 அன்று பெட்னார் நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பப்பட்டார். பதிலுக்கு மூன்று வாலிபர்கள் வந்தார்கள். 2019 டிசம்பரில் 32.4 கோடி டாலருக்குக் கோலை ஒப்பந்தம் செய்ததும் யாங்கீஸ்தான். ஏழரை ஆண்டுச் சுற்றில் கோலும் அங்கே, கோலின் பேரப்பிள்ளையும் அங்கே. பிட்ஸ்பர்க் கையில் மறுபடியும் நாற்று.

ஏன் இப்படி? பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. அளவு மீறினால் வரி மட்டும். 70 கோடி டாலருக்கு ஷோஹெய் ஓட்டானியை 2023-ல் வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ் எங்கே, பிட்ஸ்பர்க் எங்கே. ஒரு வீரர் மேல்மட்டத்தில் 6 ஆண்டு முடித்தால் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அந்த நாள் நெருங்குமுன் அவரைக் கொடுத்துவிட்டு ஏதாவது வாங்கிக்கொள்வது சிறிய அணிக்குப் புத்திசாலித்தனம். அதே ஊரில் ஸ்டீலர்ஸும் பெங்குவின்ஸும் உச்சவரம்பு உள்ள லீக்குகளில் இருப்பவை. சிட்னி கிராஸ்பி 2005-லிருந்து 20 பருவங்கள் தாண்டியும் பெங்குவின்ஸ் சட்டையிலேயே ஆடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் விதியை மட்டும் பழித்தால் போதாது. பிட்ஸ்பர்க் போலவே சிறிய சந்தையான மில்வாக்கியும், கூட்டமே வராத டாம்பா பேயும் இதே விதிகளுக்குள் ஜெயித்துக் காட்டின. அவையும் வீரர்களை விற்றன. ஆனால் எப்போது, யாருக்குப் பதில் யாரை என்று தெரிந்து விற்றன.

எல்லாப் பண்டமாற்றும் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்கச்சனுக்குப் பதில் வந்த பிரையன் ரெனால்ட்ஸ் தேறினார். 2022 டிசம்பரில் அவரே தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும், 2023-ல் சுமார் 10.7 கோடி டாலருக்கு 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டு அவரை நிறுத்திக்கொண்டார்கள். மக்கச்சனும் 2023-ல் 36 வயதில் திரும்பி வந்தார். தொடக்க நாளில் பிஎன்சி பார்க் எழுந்து நின்று கைதட்டியது. 3 பருவங்கள் ஆடினார். கோபத்துக்கு நடுவிலும் இந்த ஊர் யாரையும் எளிதில் மறப்பதில்லை. 1993-ல் எதிரணிச் சட்டையில் வந்தபோது கூச்சலால் வரவேற்ற பாண்ட்ஸை 2024-ல் பைரேட்ஸ் தன் புகழ் மண்டபத்திலேயே சேர்த்துக்கொண்டது.

2025 வசந்தத்தில் பொறுமை எல்லை கடந்தது. உள்ளூரில் முதல் ஆட்டம் நடந்த ஏப்ரல் 4 அன்று, அணியை விற்கச் சொல்லும் வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு சிறு விமானம் மைதானத்தைச் சுற்றியது. கீழே கூட்டமும் அதையே கோஷமாக்கியது. வலது பக்கச் சுவரில் கிளமென்ட்டேயின் 21 இருந்த இடத்தில் ஒரு மது விளம்பரம் முளைத்து, குடும்பத்தினர் வருந்தியதும் அவசரமாக அகற்றப்பட்டது. அந்தச் சுவரின் உயரமே அவர் நினைவாக 21 அடி. மைதானம் கட்டப்பட்ட காலத்தில் ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரும் இறந்த உறவினர் பெயரும் பொறித்துப் பதித்த செங்கற்கள், மறுசுழற்சி நிலையமொன்றில் குவிந்து கிடக்கும் படங்களும் அதே மாதத்தில் வெளியாயின. வீரர்களை அனுப்பியதைப் பொறுத்தவர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அந்த ஆண்டில் நாட்டின் தலைசிறந்த பந்தெறியாளர்களில் ஒருவர் இவர்களிடம்தான் இருந்தார். பால் ஸ்கீன்ஸ், எண் 30. 2023-ல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இவர் விஷயத்தில் பட்டியல்கள் பொய் சொல்லவில்லை. 2024-ல் சிறந்த புதுமுகம். 2025-ல் நேஷனல் லீகின் சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருது, ஏகமனதாக. ஆட்டத்துக்கு சராசரி 1.97 ரன்தான் விட்டுக்கொடுத்தார். அப்படியும் அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. அந்த மே மாதம் பிலடெல்பியாவில் தன் அணியின் பந்துகள் அனைத்தையும் தானே வீசி, ஒரே ரன் கொடுத்து, 0-1 என்று தோற்றார். ஏனென்றால் அடிக்க ஆளில்லை. 2021-ல் முதல் ஆளாகத் தேர்வான ஹென்றி டேவிஸ், 2024-லும் 2025-லும் பத்து முறை மட்டை பிடித்தால் சராசரியாக இரண்டு முறைகூட அடிக்கவில்லை. அணி 91 ஆட்டங்களில் தோற்றது. மேல்மட்ட ஆட்டம் ஒன்றும் ஆடாத 19 வயது கானர் கிரிஃபின் அந்த ஆண்டு முன்னணிப் பட்டியல்களில் முதலிடத்துக்கு ஏறினார். ரசிகர்கள் அவர் பெயரையும் கற்றுக்கொண்டார்கள்.

மைதானத்துக் கடையில் 30-ஆம் எண் சட்டை அமோகமாக விற்றது. வாங்குபவர்களுக்கு 2029 என்ற ஆண்டும் தெரியும். அந்தப் பருவம் முடிந்தால் ஸ்கீன்ஸ் சுதந்திரப் பறவை. அதற்கு முன்பே பண்டமாற்று நடந்துவிட்டால் சட்டையின் ஆயுள் இன்னும் குறைவு.

மைதானத்தைச் சுற்றி நிற்கும் சிலைகள் நான்கு: ஹோனஸ் வாக்னர், கிளமென்ட்டே, வில்லி ஸ்டார்ஜல், பில் மசெரோஸ்கி. கடைசி மூவரும் மேல்மட்டத்தில் பைரேட்ஸ் தவிர வேறு அணிக்கு ஆடியதே இல்லை. ஸ்டார்ஜல் இறந்தது 2001 ஏப்ரல் 9 அதிகாலையில். பிஎன்சி பார்க்கில் பருவத்தின் முதல் ஆட்டம் நடந்த அதே நாள்.

நகரின் ஓக்லண்ட் பகுதியில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஒரு பழைய செங்கல் சுவர் துண்டு நிற்கிறது. இடிக்கப்பட்ட ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் மிச்சம். 1960 அக்டோபர் 13 அன்று யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை, கடைசி இன்னிங்ஸில், மசெரோஸ்கி ஒரே ஹோம் ரன்னில் முடித்தது அங்கேதான். ஆண்டுதோறும் அதே தேதியில், வயதானவர்களும் அவர்கள் அழைத்து வந்த பிள்ளைகளும் மடக்கு நாற்காலிகளோடு சுவரடியில் கூடுகிறார்கள். பிற்பகல் 1 மணி சுமாருக்கு அன்றைய வானொலி வர்ணனையின் ஒலிப்பதிவு ஓடத் தொடங்குகிறது. முடிவு தெரிந்த ஆட்டம். அந்த அணியிலிருந்து இனி யாரையும் யாரும் கொண்டுபோக முடியாது. 3.36-க்குப் பந்து சுவரைத் தாண்டுகிறது. எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். பிறகு நாற்காலிகளை மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.